தொடாமலே தடுக்கும் காந்தம்

நம் வீடுகளில் மின்சாரப் பாவனையை அளக்கும் மானியை மாதத்திற்கு ஒருமுறை, கட்டணப் பட்டியல் வரும் நாளிலேதான் நம்மிற் பலர் நிமிர்ந்து பார்க்கின்றோம். இலத்திரனியல் மானிகள் பல இடங்களிலும் வந்துவிட்டன. ஆயினும், கண்ணாடிக்குப் பின்னே ஒரு வெண்ணிறத் தகடு படுக்கையாகச் சுழன்றுகொண்டிருக்கும் பழைய மானிகளும் இன்னும் எத்தனையோ வீடுகளில் உண்டு. அத்தகடு அலுமினியத்தினால் ஆனது. அதன் ஓரத்திலே கரிய அடையாளம் ஒன்று இருக்கும். விளக்குகளையும் மற்றை மின்கருவிகளையும் ஒருங்கே அணைத்துவிட்டு அதனை உற்றுப் பார்த்தால் ஒரு புதுமை தோன்றும். இலேசான தகடு, நுண்ணிய தாங்கியின்மேல் நிற்பது. ஒருமுறை சுழலத் தொடங்கினால் பம்பரம்போல நெடுநேரம் சுற்றவேண்டியது. ஆனால் அது அப்படிச் செய்வதில்லை. மின்சாரம் நின்றவுடனே தானும் நின்றுவிடுகின்றது.

அதனை நிறுத்தியது யாது? தகட்டின் ஓரத்தை இருபுறமும் அணைத்தாற்போல, ஆனால் அதனைத் தொடாமல், குதிரை இலாட வடிவான காந்தம் ஒன்று அங்கே அமைந்திருக்கின்றது. நிறுத்தியது அந்தக் காந்தமே. இங்கேதான் வியப்பு எழுகின்றது. காந்தம் இரும்பை இழுக்கும், அலுமினியத்தை இழுக்காது. அலுமினியக் கரண்டியின்மேல் காந்தத்தை வைத்தால் அது ஒட்டுவதில்லை. அங்ஙனமாயின், ஒட்டாத பொருளொன்றைத் தொடாமலே தடுத்து நிறுத்தும் ஆற்றல் காந்தத்திற்கு எங்கிருந்து வந்தது? இந்த வினாவிற்கு விடை கூறுவதும், அவ்விடை இன்று நம்முடைய உயிரையும் உடைமையையும் எவ்வெவ்வாறு காத்து வருகின்றது என்பதை எடுத்துச் சொல்வதுமே இன்றைய பேச்சின் நோக்கம்.

இந்தப் புதுமையை முதன்முதலாக விஞ்ஞான உலகிற்கு எடுத்துக் காட்டியவர் பிரான்சு நாட்டின் அரகோ என்னும் அறிஞர். 1824ஆம் ஆண்டில் அவர் ஒரு காந்த ஊசியைச் செப்புத் தகட்டிற்கு அருகே ஆடவிட்டார். வெறுவெளியில் நெடுநேரம் ஆடும் ஊசி, செம்பின் அருகே விரைவில் அடங்கிப்போயிற்று. பின்னர் அவர் செப்புத் தகட்டையே சுழற்றிப் பார்த்தார். தகட்டின் மேலே தொங்கிய காந்த ஊசி, இடையே ஒரு தொடர்பும் இல்லாதிருந்தும், தகட்டைப் பின்தொடர்ந்து தானும் சுழலத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலே இங்கிலாந்தில் பாபேச்சு, ஏர்சல் என்னும் இருவர் இப்பரிசோதனையைத் திரும்பச் செய்தனர். அவர்கள் செப்புத் தகட்டிலே மையத்தை நோக்கிச் சில வெட்டுகளை இட்டபோது, அந்த மாய ஆற்றல் வெகுவாகக் குறைந்தது. வெட்டுகளை உலோகத்தால் ஒட்டி அடைத்தபோது அது பெரும்பாலும் திரும்பி வந்தது. இந்த வெட்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். அதற்குப் பின்னால் வேலை இருக்கின்றது.

காரணத்தைக் கண்டவர் மைக்கேல் பரடே. காந்தத்திற்கும் கடத்தி ஒன்றிற்கும் இடையே அசைவு உண்டாகும்போது, அக்கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை அவர் 1831இல் நிறுவினார். கம்பிச் சுருளிலே அம்மின்னோட்டம் கம்பி காட்டிய வழியே செல்லும். ஆனால் அகன்ற தகட்டிலே அதற்கென்று வகுத்த வழி இல்லை. மகாவலி கங்கை பாலத்தின் தூண்களிலே மோதிச் செல்லும்போது நீர் வட்டமிட்டுச் சுழிப்பதைக் கண்டிருக்கின்றோம். அதுபோலவே உலோகத் தகட்டினுள்ளும் மின்னோட்டம் தனக்குத்தானே வளைந்து, தொடங்கிய இடத்திற்கே திரும்பிச் சுழிசுழியாக ஓடுகின்றது. ஆதலினால் இதனைச் சுழிப்போட்டம் என்பர். 1855ஆம் ஆண்டில் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், காந்த முனைகளுக்கு இடையே ஒரு செப்புத் தகட்டைக் கைபிடியால் சுழற்றி, காந்தத்திற்கு மின்சாரம் ஊட்டியவுடன் கைபிடி கனத்துப் போவதையும், விடாமல் வலிந்து சுழற்றினால் தகடு சூடேறுவதையும் காட்டினார். பிரெஞ்சு மக்கள் இன்றும் இதனைப் பூக்கோ ஓட்டம் என்றே வழங்குகின்றனர்.

சரி, மின்னோட்டம் உண்டாகின்றது; அது ஏன் தகட்டைத் தடுக்கவேண்டும்? இதற்கான விதியை 1834இல் உருசியாவிலே லென்சு என்பவர் வகுத்துக் கூறினார். தூண்டப்படும் மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே எப்பொழுதும் ஓடும் என்பது அவ்விதி. தகட்டின் ஒரு பகுதி காந்தத்தை நெருங்கும்போது, அப்பகுதியிலே உண்டாகும் சுழி தானும் ஒரு சிறு காந்தமாகி, வரவிடாமல் எதிர்த்துத் தள்ளும். அதே பகுதி காந்தத்தைவிட்டு விலகும்போது, எதிர்த்திசையிற் சுழித்து, போகவிடாமல் இழுக்கும். வரும்போதும் எதிர்ப்பு, போகும்போதும் எதிர்ப்பு. இப்படி அன்றி, அம்மின்னோட்டம் அசைவிற்கு உதவி செய்வதாயிருந்தால், ஒருமுறை தட்டிவிட்ட தகடு ஒருவர் உதவியுமின்றித் தானே மேலும் மேலும் வேகங்கொண்டு சுழலும். ஒன்றுமில்லாததிலிருந்து சக்தி பிறக்கும். இயற்கை அத்தகைய இலவசத்தை எவர்க்கும் வழங்குவதில்லை. தடுக்கப்பட்ட அசைவின் சக்தி தகட்டிலே வெப்பமாக மாறுகின்றது. பூக்கோவின் தகடு சூடேறியது அதனாலேதான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். இதுவே இப்பேச்சின் உயிர்நிலை. இந்தத் தடுப்பு தனக்கு வேண்டிய பலத்தைத் தான் தடுக்கவேண்டிய அசைவிலிருந்தே பெறுகின்றது. அசைவு விரைந்தால் மின்னோட்டம் மிகும்; தடுப்பும் மிகும். அசைவு தளர்ந்தால் தடுப்பும் தளரும். அசைவு நின்றுவிட்டால் தடுப்பு என்பதே இல்லை. ஓடும் வண்டியின் வேகத்தைக் குறைக்க இதனைவிடச் சிறந்த துணை இல்லை. நின்ற வண்டியை நின்ற இடத்திலே பிடித்துவைக்க இதனைவிடப் பயனற்றதும் இல்லை. இந்த நற்குணமும் இந்தக் குறைபாடும் ஒரே விதியின் இரு பக்கங்கள்.

நேயர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இக்காலத்தில் எளிதாகக் கிடைக்கும் வலிய நியோடிமியக் காந்தம் ஒன்றை எடுத்து, தடித்த அலுமினியத் தகடொன்றைச் சரிவாகச் சாய்த்து அதன்மேல் வழுக்கவிடுங்கள். பின்னர் அதே சரிவில் ஒரு மரப்பலகையை வைத்து அதன்மேலும் வழுக்கவிடுங்கள். பலகையிலே சரேலென்று கீழே விழும் காந்தம், அலுமினியத்தின்மேல், தேன் பூசிய தளத்தில் இறங்குவதுபோல மெல்ல மெல்ல இறங்கும். இறங்கும்; ஆனால் நடுவழியிலே நின்றுவிடாது. நின்றால் அதனைத் தடுப்பதற்கு ஒன்றும் இல்லையாகையால் மீண்டும் அசையத் தொடங்கும். சிறு பிள்ளைகள் இத்தகைய காந்தங்களை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலினால் சோதனை முடிந்ததும் அவற்றை எட்டாத இடத்தில் வைத்துவிடவேண்டும்.

இனி மின்மானிக்குத் திரும்புவோம். அதன் தகட்டைச் சுழற்றுவதும் சுழிப்போட்டமே, தடுப்பதும் சுழிப்போட்டமே. வீட்டிற்குள் செல்லும் மின்சாரம் இரண்டு சுருள்களின் வழியே பாய்ந்து, தகட்டிலே சுழிகளைத் தூண்டி அதனைச் சுழற்றுகின்றது. நாம் செலவிடும் மின்வலு இருமடங்கானால் அந்தச் சுழற்று விசையும் இருமடங்காகும். நிலைக்காந்தம் தருகின்ற தடுப்போ வேகத்திற்கேற்ப வளர்வது. இரண்டும் சரிசமமாகும் வேகத்திலே தகடு நிலைபெறுகின்றது. ஆகவே தகட்டின் வேகமும் நாம் செலவிடும் மின்வலுவும் எப்பொழுதும் ஒரே விகிதத்தில் அமைகின்றன. மானியின் முகப்பிலே ஓர் அலகு மின்சாரத்திற்குத் தகடு எத்தனை முறை சுற்றும் என்று பொறித்திருப்பார்கள். அது 600 என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது 100 உவாற்று விளக்கு ஒன்று மட்டும் எரிந்தால் தகடு நிமிடத்திற்கு ஒருமுறை சுற்றும். காந்தம் இல்லாவிடின் தகடு கட்டுக்கடங்காது விரைந்து, நாம் எரிக்காத மின்சாரத்திற்கும் கணக்கு எழுதிவிடும். நம்முடைய கட்டணப் பட்டியலின் நேர்மை, தொடாமலே தடுக்கும் அந்தச் சிறு காந்தத்தின் பொறுப்பிலே இருந்துவந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மோட்டார் வண்டிகளில் வேகங் காட்டும் பழைய கருவியும் இவ்வாறானதே. ஒற்றோ சூல்சு என்னும் செர்மானியர் 1902இல் இதற்கு உரிமை பெற்றார். சில்லுடன் இணைந்த கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தத்தைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தைச் சுழிப்போட்டம் இழுக்கும். மெல்லிய வில் ஒன்று அதனைப் பின்னோக்கி இழுக்கும். வேகத்திற்கேற்பக் கிண்ணமும் முள்ளும் திரும்பும். பாடசாலைப் பரிசோதனைச்சாலைத் தராசிலே கோல் ஆடிக்கொண்டே நிற்காமல் விரைவில் அமைதியடைவதற்குக் காந்தங்களுக்கிடையே ஓர் உலோகத் தகட்டை அசையவிடுவதும் இதே முறைதான்.

இவையெல்லாம் சிறு கருவிகள். இனி, மனிதர் உயிரோடு நேரடித் தொடர்புடைய ஒரு பயனுக்கு வருவோம்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலே இருக்கின்றது. கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கின்றது. பயணிகளோடு பத்துத் தொன் நிறையுள்ள ஒரு பஸ் வண்டி மேலேயிருந்து கீழே வருவதாகக் கொள்வோம். இறங்கும் உயரம் 1,300 மீற்றருக்குக் குறையாது. உயரத்தில் இருந்ததனால் அவ்வண்டி பெற்றிருந்த சக்தியைக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ 35 அலகு மின்சாரத்திற்குச் சமமாகும். 400 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வண்டி கீழே வந்து சேர்ந்தபோது அச்சக்தி எங்கே போயிற்று? காற்றின் தடையும் சக்கரங்களின் உராய்வும் ஒரு பங்கைக் கொண்டுபோகும். எஞ்சியதைச் சாரதி எப்படியாவது செலவழித்தாக வேண்டும். அவர் பிறேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால், அவ்வளவு வெப்பமும் சில்லுகளின் உள்ளே இருக்கும் சில இரும்பு உருளைகளிலும் அவற்றை உராயும் பட்டைகளிலுமே இறங்கும்.

சாதாரண பிறேக்கின் குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. மிகச் சூடேறிய பட்டைகள் தம் உராய்வு வலிமையை இழக்கின்றன. இரும்பு உருளையோ வெப்பத்தால் விரிந்து பட்டைகளைவிட்டு விலகுகின்றது. சாரதி முன்னையிலும் அழுத்தி மிதிக்கின்றார். வண்டியோ முன்னையிலும் குறைவாகவே கட்டுப்படுகின்றது. கருகல் மணம் எழுகின்றது. எந்த வேளையிலே தடுப்பு மிகுதியும் வேண்டப்படுகின்றதோ அந்த வேளையிலேயே அது கைவிடுகின்றது. மலைச்சரிவிலே தாழ்ந்த கியரில் இறங்குங்கள் என்று சாரதிகளுக்குக் கற்பிப்பதன் காரணம் இதுவே. இயந்திரத்தின் எதிர்ப்பு ஒரு பங்கு சக்தியை ஏற்றுக்கொள்ளும்போது பட்டைகளுக்கு ஓய்வு கிடைக்கின்றது.

காந்தத் தடுப்பு இவ்விடத்திலே பேருதவியாக வருகின்றது. பாரவண்டிகளிலும் நெடுந்தூரப் பஸ் வண்டிகளிலும், இயந்திரத்திலிருந்து பின்சில்லுகளுக்குச் செல்லும் சுழல்தண்டிலே இரும்புத் தட்டுகளைப் பூட்டி, அவற்றின் அருகே வண்டியின் உடலோடு பொருந்திய மின்காந்தங்களை அமைப்பதுண்டு. பிரான்சு நாட்டிலே இவ்வகைத் தடுப்புகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. சாரதி ஒரு நெம்பியை அசைத்தவுடன் மின்காந்தங்கள் விழிக்கின்றன, தட்டுகளிலே சுழிப்போட்டம் எழுகின்றது, வண்டி தளர்கின்றது. ஒன்றையொன்று உராயாததனால் தேய்வு இல்லை. தோன்றிய வெப்பத்தைத் தட்டுகளிலே உள்ள விசிறி போன்ற இதழ்கள் காற்றுக்கு வாரி இறைக்கின்றன. சில்லுகளில் உள்ள பிறேக் குளிர்ந்தபடியே, உண்மையான ஆபத்து வேளைக்கெனக் காத்திருக்கின்றது.

இதற்கும் எல்லை உண்டு. இக்கருவி கனமானது, விலையும் உயர்ந்தது, மின்சாரமும் வேண்டும். தட்டுகள் மிகச் சூடேறினால் அவற்றின் மின்தடை மிகுந்து, தடுப்பின் வலுவும் ஓரளவு குறையும். எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டி ஊர்ந்து செல்லும்போது இதனாற் பயன் சிறிதே. சரிவிலே நிறுத்திய வண்டியை இது ஒரு கணமும் தாங்கி நிற்காது. ஆதலினால் இது பிறேக்கிற்குத் துணையேயன்றிப் பிறேக்கிற்கு மாற்று அன்று. ஐரோப்பிய நாடுகள் கைக்கொள்ளும் ஐக்கிய நாடுகளின் 13ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியிலே, நெடுந்தூரப் பெரிய பஸ்களுக்கென ஒரு சோதனை வகுக்கப்பட்டுள்ளது. முழுப் பாரத்தோடு, நூற்றுக்கு ஏழு சரிவிலே, ஆறு கிலோமீற்றர் தூரம், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இறங்குவதற்கு ஒப்பான சக்தியை, சில்லுகளின் பிறேக்கைத் தொடாமலே அவ்வண்டி ஏற்றுத் தாங்கவேண்டும் என்பது அச்சோதனை. அதனைக் காந்தத்தால் நிறைவேற்றலாம். எண்ணெயைச் சுழற்றித் தடுக்கும் கருவியாலும், இயந்திரத் தடுப்பாலும் நிறைவேற்றலாம். எந்த வழி என்பதிலும் முக்கியமானது, இரண்டாவது வழி ஒன்று இருக்கவேண்டும் என்னும் கொள்கையே. மலைநாட்டுப் பாதைகளிலே நாள்தோறும் மக்களை ஏற்றி இறக்கும் நம் நாட்டிலே, பஸ்களைத் தெரிந்தெடுப்போரும் அவற்றைப் பேணுவோரும் இக்கொள்கையை மனத்திற் கொள்ளவேண்டும்.

வீதியைவிட்டு இருப்புப்பாதைக்குச் செல்வோம். யப்பானின் அதிவேகப் புகையிரதங்களில் 1985இல் வந்த 100ஆம் வரிசையிலே, மோட்டார் இல்லாத பெட்டிகளுக்குச் சுழிப்போட்டத் தடுப்புகள் பூட்டப்பட்டன. பின்னர் 2007இல் ஓடத் தொடங்கிய என் 700 வரிசையிலே அவை கைவிடப்பட்டன. காரணம் தோல்வி அன்று. அதனிலும் சிக்கனமான வழி கிடைத்தமையே. பெரும்பாலான பெட்டிகளிலே மோட்டார்களைப் பூட்டி, தடுக்கும் வேளையில் அவற்றையே மின்பிறப்பாக்கிகளாக இயங்கச் செய்து, கிடைத்த மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பிவிட்டனர். காந்தத் தடுப்பு சக்தியை வெப்பமாக்கிக் காற்றிலே விட்டுவிடும். இதுவோ அதனை மீட்டுக்கொள்ளும். இன்றைய மின்சார மோட்டார் வண்டிகளும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

செர்மனியிலோ வேறொரு வகை நிலைத்தது. 2002இல் திறக்கப்பட்ட கொலோன் – பிராங்பேட் அதிவேகப் பாதையிலே, ஆயிரம் மீற்றருக்கு நாற்பது மீற்றர் என்னும் கடுஞ்சரிவுகள் உண்டு. அங்கு மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஐ.சி.ஈ. 3 வண்டிகள், தண்டவாளத்தின்மேல் ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர் இடைவெளியிலே நீண்ட மின்காந்தங்களை இறக்குகின்றன. சுழிப்போட்டம் எழுவது சில்லிலே அன்று, தண்டவாளத்திலேயே. மழையால் தண்டவாளம் வழுக்கினாலும் இத்தடுப்புக்குக் குறைவில்லை. ஏனெனில் அது சில்லின் பிடிப்பை நம்பியிருக்கவில்லை. ஆனால் வண்டிமேல் வண்டியாக வந்து தடுக்குந்தோறும் தண்டவாளம் சூடேறும். அதனைத் தாங்குமாறு அமைக்கப்படாத பாதைகளில் இத்தடுப்பை ஆபத்து வேளைக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கின்றனர்.

1980களின் தொடக்கத்தில் யப்பானிலும் அமெரிக்காவிலும் நியோடிமியக் காந்தங்கள் கண்டுபிடிக்கப்பட்டபின், மின்சாரமே வேண்டாத வலிய தடுப்புகள் கைகூடின. களியாட்டப் பூங்காக்களிலே உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து மக்களை இருக்கையோடு விழவிடும் விளையாட்டொன்று உண்டு. அவ்விருக்கைகளைக் கீழே தடுப்பவை பெரும்பாலும் நிலைக்காந்தங்களும் செப்பு அல்லது உலோகத் தகடுகளுமே. மின்சாரம் அற்றுப்போனாலும், இயக்குபவர் மயங்கி விழுந்தாலும், அத்தடுப்பு தன் கடமையைச் செய்யும். ஏனெனில் அதற்குக் கட்டளை இடுவது விழும் வேகமே. வேகம் மிகுந்தால் பிடியும் இறுகும். கடைசியில் மெல்ல ஊர்ந்து வரும் இருக்கையைத் தாங்குவதற்கு வேறோர் ஏற்பாடு இருக்கும். மீண்டும் அதே விதியைக் காண்கின்றோம்.

இதுவரை சுழிப்போட்டத்தின் தடுக்கும் ஆற்றலைக் கண்டோம். அது வேண்டாத இடத்தில் எழுந்தால் பகையாகும். மின்மாற்றியின் உட்கருவான இரும்பிலே மாறும் காந்தப்புலம் இடைவிடாது சுழிகளை எழுப்பி, மின்சாரத்தை வீண்வெப்பமாக்கும். இதற்குப் பரிகாரம் யாது? நினைவில் வைக்குமாறு வேண்டிய அந்த வெட்டு இப்பொழுது வருகின்றது. உட்கருவை ஒரே கட்டியாக வார்க்காமல், ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய தகடுகளாக வெட்டி, இடையே மின்கடத்தாப் பூச்சு இட்டு அடுக்குகின்றனர். வழி துண்டிக்கப்பட்டமையால் பெருஞ்சுழிகள் எழுவதில்லை.

அதே வெட்டு வேறோரிடத்தில் உயிர் காக்கின்றது. விமானத்தின் உலோக உடலிலே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு உண்டானால், அதுவும் ஒருவகை வெட்டே. சிறு சுருளொன்றை அதன்மேல் நகர்த்திச் சுழிப்போட்டத்தை எழுப்பினால், வெடிப்பை அண்டியவுடன் ஓட்டம் வழி மாறும்; அம்மாற்றத்தைக் கருவி காட்டிவிடும். பாபேச்சும் ஏர்சலும் 1825இல் இட்ட வெட்டு, இன்று விமானம் பறக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றது.

நிலத்தில் மறைந்த உலோகத்தைத் தேடும் கருவிக்கும் இதுவே அடிப்படை. கருவியின் சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகின்றது. அங்கே உலோகம் இருந்தால் அதிலே சுழிப்போட்டம் எழுந்து, தன் சொந்தப் புலத்தால் மறுமொழி கூறுகின்றது. போலந்து நாட்டவரான கொசாக்கி என்னும் படை அதிகாரி 1941இல் அமைத்த கண்ணிவெடி காணும் கருவி, மறு ஆண்டு எல் அலமெயின் போர்க்களத்திலே பயன்பட்டது. நம் நாட்டில் 2009இல் போர் முடிந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் வயல்களையும் வீட்டுவளவுகளையும் மீட்டெடுத்த பணியாளரின் கைகளிலும் இத்தகைய கருவிகள் இருந்தன. பல கண்ணிவெடிகளின் உடல் பிளாத்திக்கு. உள்ளே உலோகம் மிகச் சிறிதே. அந்தச் சிறு துண்டு தருகின்ற மறுமொழியும், துருப்பிடித்த ஆணி தருகின்ற மறுமொழியும் செவிக்கு ஒன்றுபோலவே கேட்கலாம். ஆகவே ஒலித்த ஒவ்வோர் இடத்தையும் முழந்தாளிட்டு, மண்ணை மெல்ல நீக்கிப் பார்க்கவேண்டியதாயிற்று. கருவி செவியைத் தரும். பொறுமையை மனிதரே தரவேண்டும்.

இனி வருங்காலத்தை நோக்கிச் சிறிது பார்ப்போம். 2015இல் கட்டி முடிக்கப்பட்ட சங்காய் கோபுரம் 632 மீற்றர் உயரமுடையது. காற்றினால் அது ஆடுவதை அடக்குவதற்கு, அதன் உச்சிப்பகுதியிலே ஏறத்தாழ 1,000 தொன் நிறையுள்ள பெரும் ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கின்றனர். அதன் அசைவைத் தணிப்பவை காந்தங்களும் செப்புத் தகடும். அரகோவின் ஊசி செம்பின் அருகே அடங்கியதற்கும் இதற்கும் அளவிலே வேறுபாடு உண்டு, தத்துவத்திலே இல்லை.

விண்வெளியிலும் இதுவே. 1958இல் ஏவப்பட்ட வான்காட் 1 என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோள், பூமியின் மெல்லிய காந்தப்புலத்திலே சுழன்றமையால் அதன் உலோக உடலில் எழுந்த சுழிப்போட்டங்கள் அதன் சுழற்சியைப் படிப்படியாகக் குறைத்தன. இன்று பூமியைச் சுற்றி, செயலற்ற கோள்களும் உடைந்த பாகங்களும் தாறுமாறாகப் புரண்டு செல்கின்றன. புரளும் பொருளைத் தொட்டுப் பிடிக்க முயன்றால் பிடிக்கச் சென்ற கலமும் நொறுங்கும். அவற்றிற் பல அலுமினியம், காந்தத்தில் ஒட்டாதவை. ஆயினும் சுழலும் காந்தப்புலத்தால் அவற்றிலே சுழிப்போட்டத்தை எழுப்பி, தொடாமலே புரட்டலைத் தணிக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2021இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார், காந்தத்தன்மையற்ற செப்புக் கோளமொன்றைச் சுழலும் காந்தப்புலங்களால் விரும்பிய திசைகளிலே நகர்த்தியும் திருப்பியும் காட்டினர். பரிசோதனைச்சாலைக்கும் விண்வெளிக்கும் தூரம் பெரிது. எனினும் முதலடி வைக்கப்பட்டுள்ளது.

நேயர்களே, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊசி விரைவில் அடங்கியது ஏன் என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வியின் பயன் இன்று வீட்டுச் சுவரிலும் மலைப்பாதையிலும் விண்வெளியிலும் விரிந்து கிடக்கின்றது. இத்தனையிலும் நாம் கைக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. வேகத்தைத் தணிப்பது ஒரு தொழில். நின்றதைத் தாங்குவது மற்றொரு தொழில். முன்னையதைக் காந்தம் செவ்வனே செய்யும்; பின்னையதை அது ஒருபோதும் செய்யாது. எவ்வளவு புதிய தடுப்புக் கருவி பூட்டிய வண்டியாயினும், சரிவிலே நிறுத்திவிட்டு இறங்கும் சாரதி கைப்பிறேக்கை இழுத்து, சில்லின் கீழே ஒரு கட்டையையும் வைத்தாரானால், அவர் பழமைவாதி என்று எவரும் நகைக்கவேண்டியதில்லை. பரடேயும் லென்சும் அறிந்த விதியை அவரும் அறிந்தே நடக்கின்றார்.